மரப்பீப்பாயும் குழாய்ச் சுவரும்

கண்டிக்கு வருவோர் முதலில் வழி கேட்பது தலதா மாளிகைக்கு. அடுத்தது ஏரிக்கரை, அதற்கடுத்தது பேராதனைப் பூங்கா. ஆனால் தொண்ணூறுகளில் மேலை நாட்டுப் பயணிகளுள் ஒரு சிறு கூட்டத்தார் புகைவண்டி நிலையத்தில் இறங்கியதும் வேறோர் இடத்துக்கு வழி விசாரிப்பதுண்டு. அது ஒரு பியர்க் கடை. யூ.கே.டி. சில்வா என்பது அதன் பெயர். அங்கே மரப்பீப்பாயிலிருந்து கைப்பம்பினால் இறைத்து ஊற்றப்படும் கறுப்பு நிற ஸ்டவுட் பியரைக் குடித்துப் பார்ப்பதற்காகவே சிலர் கண்டிக்கு வந்தனர்.

அவர்களை அனுப்பிவைத்தவர் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்லர். பியரைப் பற்றி எழுதுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்த பிரித்தானியப் பத்திரிகையாளர். 1942இல் பிறந்து 2007இல் மறைந்தவர். 1977இல் அவர் வெளியிட்ட உலக பியர் வழிகாட்டி நூல், பியரை ஊர் வாரியாகவும் வகை வாரியாகவும் பிரித்துப் பேசும் வழக்கத்தைத் தொடக்கி வைத்தது. நுவரெலியாவில் காய்ச்சப்படும் லயன் ஸ்டவுட்டையும், அதைப் பீப்பாயிலிருந்து வழங்கும் கண்டிக் கடையையும் அவர் தம் நூல்களில் பாராட்டி எழுதினார். உள்ளூரார் சிலர் அதில் தென்னஞ்சாராயத்தைக் கலந்து குடிப்பதையும் குறிப்பிட மறக்கவில்லை.

கண்டிச் செய்திகளுக்காக அடிக்கடி மலையேறி வந்த அந்நாளில், நண்பர் ஒருவர் என்னை அக்கடைக்கு அழைத்துச் சென்றார். புனித நகரில் இப்படியும் ஓர் யாத்திரைத் தலமா என்று கேட்டுக்கொண்டேதான் சென்றேன். பம்பின் கைப்பிடி இழுபட இழுபட, கடும் கோப்பியின் நிறத்தில் ஒரு திரவம் இறங்கி, கண்ணாடிக் குவளையில் பழுப்பு நுரை கட்டி நின்றது. குளிரூட்டப்படவில்லை, மலை நாட்டின் காற்றில் இருந்த குளிர்ச்சி மட்டுமே. கருகிய பாணின் ஓரத்தையும் கித்துள் பாணியையும் ஒருசேர நாக்கில் வைத்தாற்போல இருந்தது. போத்தல் பியரின் குத்தும் வாயு அதில் இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. போத்தலில் அடைக்கும் பியரைப் பெரும்பாலும் வடிகட்டிச் சூடாக்கி, அதிலுள்ள நொதியை அடக்கிவிடுவர். பீப்பாய்ப் பியரிலோ நொதி உயிருடனிருக்கும். பீப்பாய்க்குள்ளேயே அது மெல்ல வேலை செய்து தனக்கு வேண்டிய வாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் பீப்பாயைத் திறந்து காற்று உட்புகத் தொடங்கினால் அதன் ஆயுள் சில நாட்களே. ஆகவே அத்தகைய பியர் விற்க மூன்று வேண்டும்: கிட்டிய தொலைவில் வடிசாலை, அதைப் பேணத் தெரிந்த கடைக்காரர், நாள் தவறாமல் வரும் குடிகாரர். மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டும் நில்லா.

கண்டிக்கு அந்த வடிசாலை வாய்த்த கதை விநோதமானது. 1848இல் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அமைத்துவிடும் எண்ணத்துடன் குடியேறினார். ஆட்களும் ஆடுமாடுகளும் ஏர்களும் விதைகளும் கப்பலில் வந்தன. ஆங்கிலக் கிராமம் என்றால் பியர் வேண்டாமா? 1849இல் அங்கே அவர் ஒரு சிறு வடிசாலையைத் தொடங்கியதாக வரலாறு கூறுகிறது. 1855இல் இலங்கையை விட்டுச் சென்ற பேக்கர் பின்னர் ஆபிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு உலகப் புகழ் பெற்றார். அவர் விட்டுச்சென்ற கிராமத்தில் வணிக முறையில் பியர் காய்ச்சும் தொழில் வளர்ந்தது. இன்றைய லயன் நிறுவனம் 1881ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்கிறது.

ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் நீருக்கும் குளிருக்கும் குறைவில்லை. மற்றவையெல்லாம் கடல் கடந்தே வந்தன. பார்லியும் ஹொப்ஸும் ஐரோப்பாவிலிருந்து வந்து, கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் மேலேறின. 1867இல் கண்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் புகைவண்டி வந்த பின்னரே இந்த ஏற்றம் சற்று எளிதாயிற்று. காய்ச்சிய பியர் மீண்டும் பீப்பாய்களில் கீழிறங்கிக் கண்டிக்கு வந்தது. இவ்வளவு சிரமம் எதற்கு என்று கணக்காளர் ஒருவர் என்றாவது கேட்கத்தானே செய்வார்? தொண்ணூறுகளின் இறுதியில் வடிசாலை கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவுக்கு இடம் மாறியது. துறைமுகமும் சந்தையும் அருகில் இருந்தன. ஆனால் களனி ஆறும் அருகில் இருந்தது. 2016 மே மாத வெள்ளத்தில் அவ்வடிசாலை மூழ்கி, உற்பத்தி மாதக்கணக்கில் நின்றுபோனது.

இன்று லயன் ஸ்டவுட் போத்தலிலும் தகரக் குவளையிலும் உலகின் பல நாடுகளில் கிடைக்கிறது. அதன் மதுச் செறிவு எட்டு விழுக்காட்டுக்கும் அதிகம். மலை நாட்டு மரப்பீப்பாயோ கதையாகிவிட்டது. உலகெங்கும் சென்ற பொருள் தன் ஊர்க் கடையிலிருந்து மறைந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டில் வாழும் என் மருமகன் முறையிலான இளைஞர் ஒருவர், தம் நகரில் உள்ள ஒரு பியர் மண்டபத்தைக் காட்டினார். "மாமா, நீங்கள் குடிக்க வேண்டாம், சும்மா பாருங்கள்" என்றே அழைத்துப் போனார். பின்பகுதியில் ஒரு வடிசாலை. அது ஒருவருக்கு உரியதன்று. சிறு தயாரிப்பாளர்கள் சிலர் கொப்பரையையும் நொதிக்கும் கலங்களையும் போத்தலில் அடைக்கும் பொறியையும் பங்கிட்டுப் பயன்படுத்துகின்றனர். ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு கலம், ஆளுக்கொரு செய்முறை. தனியாக வாங்கினால் கடனில் மூழ்கடிக்கும் இயந்திரங்களைக் கூட்டாகச் சேர்ந்து சமாளிக்கிறார்கள். முன்பகுதியில் சுவர் நெடுகக் குழாய்கள். பரிசாரகர் எவரும் ஊற்றித் தருவதில்லை. நம் கையில் ஓர் அட்டை. அதைக் குழாயருகே காட்டினால் குழாய் திறக்கும். எத்தனை மில்லிலீற்றர் ஊற்றினோம், எவ்வளவு பணம் என்பது மேலேயுள்ள சிறு திரையில் ஓடும். ஒரு வாய் மட்டும் சுவை பார்க்கலாம். ஒரு வாய்க்கு உரிய பணமே கழியும். குறித்த அளவைத் தாண்டினால் அட்டை முடங்கிவிடும். பணியாளர் ஒருவர் வந்து நம் முகத்தைப் பார்த்து, நிதானத்தில்தான் இருக்கிறோம் என்று கண்ட பின்னரே அது மீண்டும் உயிர் பெறும்.

புதுமைதான். ஆயினும் கூட்டு வடிசாலை என்பது தமிழருக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்தில் மரவரி முறையும் தவறணைக் குத்தகை முறையும் மாறிமாறி நடந்த காலத்தில், சீவற் தொழிலாளி உயிரைப் பணயம் வைத்து மரமேறினான். இலாபமோ தவறணையை ஏலத்தில் எடுத்தவனுக்குப் போயிற்று. 1970களில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. சீவியவனே சங்கத்தின் உறுப்பினன் ஆனான். அவன் இறக்கிய கள் அளந்து பதியப்பட்டது. தவறணை சங்கத்தின் பொறுப்பில் வந்தது. மிஞ்சிய கள்ளைச் சாராயமாக வடிப்பதற்கு வடமராட்சிச் சங்கங்கள் சேர்ந்து திக்கத்தில் ஒரு வடிசாலையையும் நடத்தின. பிளாவில் ஊற்றிக் குடித்த அந்தக் கள்ளுக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகமும் ஒரு சமூகத்தின் தன்மானமும் இருந்தன.

மலையகத்தின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய அரசு சாராயம் விற்கும் உரிமையை வட்டாரம் வட்டாரமாக ஏலம் விட்டது. தோட்டங்கள் பெருகப் பெருக, தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலித் தொழிலாளரின் சில்லறைக் காசு தவறணைகளுக்குள் பாய்ந்தது. இலங்கையின் முதற் பெரும் உள்நாட்டு முதலாளிகள் பலர் இந்தக் குத்தகையில் எழுந்தவர்களே என்பதைக் குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். கண்டிக்கு அண்மையிலுள்ள ஹங்குராங்கெத்தையில் முன்னர் அரச நந்தவனமாயிருந்த நிலத்தை வாங்கிக் கோப்பி பயிரிட்ட ஜெரோனிஸ் டி சொய்சாவின் செல்வத்திலும் சாராயக் குத்தகைக்குப் பெரும் பங்குண்டு. 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கங்கள் தேசிய அரசியலுக்கே வித்திட்டன. 1912இன் மதுவரிச் சட்டத்தோடு பழைய குத்தகை முறை போயிற்று. வரி வருமானம் போகவில்லை. குத்தகைக்காரனின் இடத்தில் அரசு தானே அமர்ந்துகொண்டது.

தோட்டங்களில் மதுவின் தீமையைப் பற்றி எழுதச் சென்ற ஒரு பயணத்தில், கண்டி மாவட்டத்துத் தோட்டமொன்றின் லயத்தில் ஒரு தாயைச் சந்தித்தேன். கொழுந்து பறித்துத் திரும்பியவர், கூடையை இறக்காமலே பேசினார். கணவர் குடிப்பது அனுமதி பெற்ற கடையிலன்று. தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் விற்கப்படும் கசிப்பு. எதிலிருந்து வடித்தது, எவ்வளவு காரம் என்பது விற்பவனுக்கே தெரியாது. கடைகளையெல்லாம் மூடிவிட வேண்டுமா என்று கேட்டேன். ஆம் என்ற விடையையே எதிர்பார்த்தேன். அவர் சொன்னது: "மூடுனா காட்டுக்குள்ள போயிருவாங்க ஐயா. கண்ணுக்கு முன்னால குடிச்சா எம்புட்டுன்னாச்சும் தெரியும். இப்ப சம்பளம் வந்தன்னிக்கு வெறுங்கையப் பாத்துத்தான் கணக்குத் தெரியுது."

அந்த வார்த்தைகளை அன்றைய கட்டுரையில் எழுதினேன். குழாய்ச் சுவரின் திரையில் இலக்கங்கள் ஓடியபோது அவை மீண்டும் காதில் ஒலித்தன. அந்தத் தாய் கேட்டது அதுதானே? எவ்வளவு என்பது தெரிய வேண்டும். செல்வர் நகரத்தில் அது விளையாட்டுப் பொருளாக வந்துவிட்டது. லயத்துக்கு வரவில்லை.

நம் சட்டங்கள் அளவைப் பற்றிக் கவலைப்பட்டதைவிட ஆளைப் பற்றிக் கவலைப்பட்டதே அதிகம். போயா தினத்தில் எவருக்கும் விற்கலாகாது. அதற்கு ஒரு சமய நியாயம் உண்டு. ஆனால் 1955ஆம் ஆண்டு முதல் பெண்களுக்கு மது விற்கவே தடையிருந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்க, சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறுமாறு பணித்தார். குடியின் சுமையைத் தலையில் சுமப்பவள் பெண். அவளைக் கடையின் வாசலிலிருந்து விலக்கிவிட்டால் பண்பாடு காப்பாற்றப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை நம்மிடம் வலுவாக இருக்கிறது. கடைக்குள் என்ன நடக்கிறது என்று அவள் கேட்கவும் வழியில்லாமற் போகிறது.

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் கித்துள் இருக்கிறது. அதைச் சீவும் கைத்திறன் தலைமுறை தலைமுறையாக வந்தது. பாணியும் கருப்பட்டியும் காய்ச்சத் தெரிந்த குடும்பங்கள் இருக்கின்றன. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து சிறு கூட்டு வடிசாலையொன்றை நடத்த முன்வந்தால், பெரு நிறுவனத்துக்கென எழுதப்பட்ட உரிமக் கட்டணமும் விதிகளும் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும். சிறியது சட்டத்துக்கு வெளியே தள்ளப்படும்போது அது கசிப்பாகிறது. பெங்களூரில் 2011 முதல் சிறு பியர்ச் சாலைகள் திறக்கப்பட்டதற்கு அங்குள்ளோரின் தாகம் மட்டும் காரணமன்று. சிறியவருக்கென்று தனி உரிம விதியொன்றை அரசு எழுதியது.

குடியை நான் போற்றவில்லை. லயங்களில் அது என்ன செய்தது என்பதைப் பார்த்தவன் போற்ற இயலாது. ஆனால் எல்லாக் குடியும் ஒன்றன்று. யார் காய்ச்சினார் என்று தெரிந்து, இலாபம் யாருக்கு என்று தெரிந்து, எவ்வளவு என்று வீட்டாருக்கும் தெரிந்து குடிப்பது ஒன்று. இருட்டில் வாங்கி இருட்டில் குடித்து விடியலில் வெறுங்கையோடு வருவது வேறொன்று. சில்வா கடையின் பீப்பாயும் வடமராட்சியின் சங்கமும் முதல் வகையைச் சேர்ந்தவை. குத்தகைக்காரனும் கசிப்புக்காரனும் இரண்டாவதைச் சேர்ந்தவர்கள். மதுவரித் திணைக்களம் அடுத்த முறை விதிகளைத் திருத்த உட்காரும்போது, கூடையை இறக்காமல் பேசிய அந்தத் தாயைப் போன்ற ஒருவரையும் மேசைக்கு அழைத்தால் நல்லது. அளவு எப்படிக் குறிக்கப்பட வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.