பருத்தி மடி

மார்கழி கடைசி வாரம். போகிக்கு முன்னால் வீட்டை ஒழித்துவிட வேண்டுமென்று பீரோவில் இருந்த துணியையெல்லாம் இழுத்துக் கட்டிலில் போட்டேன். சுடிதார், ஷிபான் சேலை, பையன் எப்போதோ போட்ட பள்ளிச் சீருடை. ஒன்றிலும் கிழிசல் இல்லை, சாயமும் வெளுக்கவில்லை. ஆனாலும் இனி யாரும் உடுத்தப் போவதில்லை. தரை துடைக்கவாவது ஆகட்டும் என்று ஒரு டாப்ஸைக் கிழித்து நனைத்தேன். அது தண்ணீரை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தள்ளியதே தவிர, ஒரு சொட்டையும் குடிக்கவில்லை.

பரணில் இருந்த தகரப்பெட்டியின் அடியில் அப்பாயியின் நூல்சேலை கிடைத்தது. அரக்குக் கட்டம், பச்சைக் கரை. கையில் எடுத்ததும் வீட்டு வேலை நின்றுபோயிற்று.

எங்கள் ஊர் பெரம்பலூரில் குன்னம் பக்கம், கரிசல் மண். என் சின்ன வயதில் தை பிறக்கப் போகிறதென்றால் ஊரே வெள்ளை அடிக்கும். சுண்ணாம்பில் நீலம் கலக்கி, பனை மட்டையின் நுனியை நசுக்கிச் செய்த தூரிகையால் சுவரில் இழுப்பார்கள். சாணி மெழுகின திண்ணை காய்வதற்குள் அப்பாயி துணி மூட்டையோடு வாசலில் உட்கார்ந்துவிடும்.

ஒவ்வொரு சேலையையும் விரித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கும். இழை நெருக்கமாக இருக்கிற இடம் இருட்டாகத் தெரியும், நைந்த இடத்தில் வெளிச்சம் பொடிப் பொடியாகக் கசியும். சேலையில் முதலில் நைவது நடுப்பகுதி, உட்கார்ந்து எழுந்து தேய்கிற இடம். அதை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்து மூட்டினால் வீட்டுக்குள் கட்ட இன்னும் ஒரு வருஷம் ஓடும். "இது ஒழைக்கும், இது மெத்தைக்கு, இது மடிக்கு" என்று சொல்லிக்கொண்டே மூன்று குவியலாகப் பிரிக்கும். நெருப்புக்கு என்று ஒரு குவியல் இருந்ததே இல்லை. போகியன்று விடியலில் நாங்கள் கொளுத்தியதெல்லாம் பிய்ந்த பாய், தேய்ந்த விளக்குமாறு, ஓட்டை முறம்.

மெத்தைக்கு என்றால் நாலு சேலையை அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட விரிப்பு. வங்காளத்துப் பெண்கள் இதையே பூவும் மீனுமாகத் தைத்துக் காந்தா என்கிறார்கள். அந்தத் தையலுக்கான நூலைக்கூடப் பழைய சேலைக் கரையிலிருந்தே உருவி எடுப்பது அவர்கள் வழக்கம். எங்கள் விரிப்பில் பூ கிடையாது, ஆனால் பனிக் காலத்தில் அதன் கதகதப்பே தனி.

மடி என்றது பருத்தி மடியை. எங்கள் பக்கம் மானாவாரிப் பருத்தி தையில் வெடிக்கும். பழஞ்சேலையை இடுப்பைச் சுற்றிக் கட்டி, முன்பக்கம் பை மாதிரி தொங்கவிட்டு, இரண்டு கையாலும் எடுத்து எடுத்துப் போடுவார்கள். பனி ஈரம் இருக்கிறபோதே எடுக்க வேண்டும். வெயில் ஏறினால் சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும், விலை குறையும். வெடித்த காயின் காய்ந்த முனை நகக்கண்ணைக் கீறும். அதற்கும் அதே சேலையிலிருந்து கிழித்த ஒரு துணுக்குதான் விரலில் சுற்ற. அப்பாயி மடி நிறைந்து வரப்பில் நடந்து வரும்போது மாசமாக இருக்கிறவள் மாதிரியே இருக்கும். செடியில் விளைந்து, நூலாகிச் சேலையாகி, உடம்பில் தேய்ந்த பருத்தி, மறுபடியும் பருத்திக் காட்டுக்கே வந்து நிற்கிறது என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. இப்போது அதே காடுகளில் பிளாஸ்டிக் சாக்கும் யூரியாப் பையும் வந்துவிட்டன. அந்த இழை பஞ்சில் கலந்தால் சாயம் ஏறாது என்று மில்காரர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

மடியும் கிழிந்தால் தலைச்சுமைக்குச் சும்மாடு, பிறகு அடுப்படிக் கரித்துணி. கரையை மட்டும் நீளமாகக் கிழித்துக் கொடியில் போட்டு வைக்கும், ஆட்டுக்குட்டி கட்ட, கீரைக்கட்டு கட்ட. தாத்தாவின் வேட்டி விளக்குத் திரியாகும்.

இன்னொரு மூட்டை யார் கண்ணிலும் படாமல் உள்ளே போகும். பெண்களுக்கான துணி அது. நான் வயசுக்கு வந்தபோது அப்பாயி தன் சேலைகளிலேயே மெல்லியதைத் தேடிக் கிழித்து, மடிக்கச் சொல்லிக்கொடுத்தது. "நல்லாத் தொவைச்சு வெயில்ல போடு சாமி, இருட்டுல காயப்போடாத" என்றது. வெட்கப்பட்டுக்கொண்டு மூலையில் உலர்த்துகிறவர்களே அதிகம். அந்த வெயில்தான் நோய் வராமல் காத்தது என்பது பின்னாளில் புரிந்தது. 1999இல் அன்ஷு குப்தா டெல்லியில் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு பழைய துணியைச் சுத்தப்படுத்தி, மாதவிலக்குக்கான துணியாக ஏழைப் பெண்களுக்குக் கொடுக்கிறது என்று படித்தபோது அப்பாயி முகம்தான் வந்தது.

எண்பதுகளில் ஊருக்கு நைலக்ஸ் வந்தது. துவைத்தால் உடனே காயும், கசங்காது. காட்டு வேலை செய்கிற பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் மறுக்க மாட்டேன். 1983இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தில் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு சேலை கைக்கு வந்தது. துணிக்குப் பஞ்சம் தீர்ந்தது. பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் சைக்கிளில் வர ஆரம்பித்தார். அப்பாயி அவரிடம் நைலக்ஸை மட்டும் போட்டு எவர்சில்வர் டம்ளர் வாங்கும். நூல்சேலையைத் தொடவிடாது.

அப்பாயி போனபோது பிறந்த வீட்டுக் கோடி வந்தது. மொடமொடவென்று கஞ்சி போகாத புதுச்சேலை. எங்கள் வீட்டில் பிறக்கிற பிள்ளைக்கு முதலில் சுற்றுவது பழந்துணி, போகிறவர் மேல் போர்த்துவது புதுத்துணி. அத்தைமார் ஆளுக்கொரு சேலை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த அரக்குக் கட்டம்.

தங்கச்சி மகளுக்குத் தை கடைசியில் பிரசவ நாள் குறித்திருக்கிறார்கள். ஆன்லைனில் ஸ்பிரிங் தொட்டில் வாங்கியாகிவிட்டது. போன வாரம் போனில் மெதுவாகக் கேட்டாள், "பெரியம்மா, தூளி கட்ட நல்லா நைஞ்ச சேலை ஒங்ககிட்ட இருக்கா? இங்க எங்கயும் இல்ல."

சேலையை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய் வெயிலுக்கு நேரே பிடித்தேன். நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வெளிச்சம் கசிந்தது, மற்ற இடமெல்லாம் நெருக்கம். பிள்ளையின் கனம் தாங்கும். கரை மடிப்பில் ஏதோ நெருடியது, நகத்தால் நெம்பினேன். சருகுத் தூள், கொஞ்சம் கரிசல் மண், பஞ்சு ஒட்டிய ஒரு பருத்திக்கொட்டை. கொட்டையைத் தகரப்பெட்டியில் போட்டுவிட்டுச் சேலையை ஊற வைத்தேன்.