மறதியைக் குற்றமாக்கலாமோ?

ஸ்ரீவைகுண்டத்தில் தாமிரபரணிக் கரையோரம் வாழும் எங்கள் உறவினர் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு. அவரே அதனை எங்களிடம் மனம்விட்டுக் கூறியிருந்தார். ஈராண்டுகளுக்கு முன் அவர் சொன்ன சொல்லை மறந்தார். கடைக் கணக்கில் தடுமாறினார். பொறுப்பற்றவர் என்று நாங்கள் கடிந்துகொண்டோம். மாத்திரையையும் மறந்திருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

மருத்துவர் விளக்கியபோது நாணித் தலைகுனிந்தோம். இக்கிருமி, நோயை எதிர்க்கும் சி.டி.4 வெள்ளணுக்களை அழிப்பதோடு நில்லாது, தொற்றிய தொடக்கத்திலேயே மூளையையும் அடைகிறது. அங்கே நரம்பணுக்களைக் காக்கும் அணுக்களில் குடியேறி அழற்சியை மூட்டுகிறது. அதனால் நினைவும் கவனமும் தளர்கின்றன. சி.டி.4 எண்ணிக்கை மிகத் தாழ்ந்தவர்க்கு இவ்விடர் மிகுதி.

1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது, இக்கிருமியை அடக்கும் மருந்து கைவசம் இல்லை. 2004 முதல் அரசே கூட்டு மருந்தை இலவசமாக வழங்கிவருகிறது. அதனைத் தவறாது உண்போரிடம் கடுமையான அறிவுத் தளர்ச்சி அரிதாகிவிட்டது. ஆயினும் இலேசான மறதி சிலர்க்கு எஞ்சவே செய்கிறது. மாத்திரையை மறந்தால் கிருமி பெருகும். கிருமி பெருகினால் மறதி வளரும். இச்சுழலை அறுக்க வீட்டாரின் துணை வேண்டும்.

இப்பொழுது இரவு உணவு முடிந்ததும் தொலைபேசியில் அழைத்து, "அண்ணாச்சி, மாத்திரை போட்டாச்சா?" என்கிறோம். "போட்டாச்சு" என்ற குரலைக் கேட்ட பின்னரே எங்கள் வீட்டில் விளக்கு அணைகிறது.