ஆமைக்கும் ஊர் உண்டு

கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலவாணேசரைத் தரிசித்துவிட்டுக் கொச்சிக்கடைப் பக்கமாக வந்தால், கட்டடங்களின் இடைவெளியில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தோன்றும். அங்கிருந்து கோட்டை வழியாகக் காலி வீதியைப் பிடித்து, வெள்ளவத்தையில் ஏதேனும் ஓர் ஒழுங்கையில் இறங்கிப் புகையிரதப் பாதையைக் கடந்தால், அதே கடல் நம் காலடிக்கு வந்துவிடும். சென்ற ஞாயிறு மாலை நாம் மேற்கொண்ட யாத்திரை இவ்வளவே.

வெள்ளவத்தையில் இரு தமிழர் புதிதாகச் சந்தித்தால் முதலிற் பிறக்கும் வினா, "ஊரிலே எவ்விடம்?" என்பதுதான். இங்கே முப்பது ஆண்டு வாழ்ந்தவரும் "கரவெட்டி" என்றோ "காரைநகர்" என்றோதான் விடையிறுப்பார். கடலாமையிடமும் இவ்வினாவைக் கேட்க வேண்டிய காலம் ஒன்று இக்கரைக்கு வந்தது.

2021ஆம் ஆண்டு மே 20இல், கொழும்புத் துறைமுகத்திற்கு வெளியே நின்ற 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' என்னும் கொள்கலன் கப்பல் தீப்பற்றியது; ஜூன் 2இல் மூழ்கலாயிற்று. அது சுமந்து வந்த வெண்ணிறப் பிளாஸ்டிக் மணிகள், அரிசி சிந்தியதுபோல் மேற்குக் கரையில் ஒதுங்கின. தொடர்ந்து ஆமைகளின் உடல்களும் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. இறந்தவற்றை எண்ணினார்கள். ஆனால், தாய்மாரை இழந்த கரை எது என்பதை எண்ணிக்கை சொல்லுமா?

உலகிலுள்ள கடலாமை இனங்கள் ஏழு. அவற்றுள் பேராமை, சிற்றாமை, அழுங்காமை, பெருந்தலையாமை, ஏழுவரியாமை என்னும் ஐந்தும் இலங்கையில் முட்டையிடுகின்றன. எங்கெங்கோ மேய்ந்து திரிந்தாலும், பெண்ணாமை தான் பிறந்த கரைப் பகுதிக்கே முட்டையிடத் திரும்பும் என்று அறிஞர் நெடுங்காலம் கருதி வந்தனர். மெய்ப்பிப்பதுதான் அரிதாயிருந்தது. உள்ளங்கையளவுக் குஞ்சுக்குக் குறியிட்டு, அது தாயாகித் திரும்பும்வரை சில பத்தாண்டுகள் காத்திருப்பவர் யார்?

மட்டக்களப்பில் குடி தாய்வழியே எண்ணப்படும் அன்றோ? உயிரணுவிலும் அவ்வாறான ஒன்று உண்டு. இழைமணி என்னும் நுண்ணுறுப்பின் மரபணு தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருவது. அதைப் படித்தால் ஆமையின் தாய்வழிக் குடி புலப்படும். புளோரிடா, கொஸ்தாரிக்கா முதலிய கரைகளின் பேராமைகளை இவ்வாறு ஒப்பிட்ட ஆய்வு 1990இல் வெளிவந்தது. கரைக்குக் கரை குடி வேறுபட்டமையால், தாய்வீடு திரும்பும் கதை மெய்யென உறுதிப்பட்டது.

இதன் பொருள் பெரிது. ஒரு கரையின் பேராமைகள் அழிந்தால், அயற்கரை ஆமைகள் விரைவில் வந்து அவ்விடத்தை நிரப்பமாட்டா. தங்காலைக்கு அருகே பேராமைகள் முட்டையிடும் ரெக்கவக் கரை 2006இல் சரணாலயமாக்கப்பட்டது. அதைக் காப்பது நன்று. ஆயினும் அது மற்றொரு கரையின் இழப்பை ஈடுசெய்யாது.

சிற்றாமையின் இயல்போ வேறு. கார்த்திக் சங்கரும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியக் கீழைக் கரையில் ஏறத்தாழ 2,000 கிலோமீற்றர் தூரத்திற்குச் சிற்றாமைகள் ஒரே குடும்பமாய்க் கலந்திருப்பதைக் காட்டிற்று. அவற்றிலுள்ள ஒரு கால்வழி மிகப் பழையது; இலங்கைச் சிற்றாமைகளிலும் அது காணப்படுகின்றது. ஆகவே, ஒடிசாக் கடலில் இழுவை வலையில் சிக்கி மாளும் சிற்றாமை நமக்கு அந்நியமன்று. பேராமைக்குக் கரைதோறும் காவல் வேண்டும். சிற்றாமைக்கோ நாடுகள் கைகோத்த காவல் வேண்டும்.

இறந்த ஆமையின் சிறு தோற்றுண்டும் அதன் குடியைச் சொல்லக்கூடும். ஆனால், ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொரு கரையின் குடிப்பதிவும் முன்னரே இருத்தல் வேண்டும். இரு கரைகளுக்குக் குடி ஒன்றாயின் பிரித்தறிதலும் அரிது. விபத்து நேர்ந்த பின் பதிவேடு தேடுதல், வெள்ளம் வந்தபின் அணை கோலுவதை ஒக்கும். விலங்கியல் பயிலும் நம் மாணவர்க்கு இதிலே பணி நிரம்ப உண்டு.

மற்றையோர்க்கும் ஒரு கடமை உண்டு. கரையில் ஆமையைக் கண்டால், உயிருள்ளதாயினும் இறந்ததாயினும், தொடாது விலகி நின்று வனஜீவராசிகள் திணைக்களத்திற்கு அறிவியுங்கள். நாம் எழுந்தபோது இருட்டிவிட்டது. தெகிவளைப் பக்கம் புகையிரதமொன்று விரைந்தது. வீடு திரும்புவோர் அதிலே நிறைந்திருந்தனர்.