ஆறு நாள், நாலு நாடு, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல்

ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிற பையன் என்று தெரிந்தால், ஊரில் கேட்கிற முதல் கேள்வி 'என்ன படிக்கிறே?' இல்லை. 'பாரீஸ் போய்ட்டியா?' என்பதுதான். இரண்டாவது, 'சாப்பாட்டுக்கு என்ன பண்றே?' மூன்றாவது கேள்வி கல்யாணம் சம்பந்தப்பட்டது. அது வரும்போது மட்டும் எனக்கு போனில் சிக்னல் சரியாக இருக்காது.

முதல் கேள்விக்கு 'போய்ட்டேன்' என்று சொல்ல எனக்கு எட்டு மாசம் ஆச்சு. காரணம் வேறென்ன? பணம்தான்.

இங்கே படிக்க விசா வேண்டுமென்றால், ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே ஒரு முடக்கிய கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். நான் வந்த 2024 அக்டோபரில் அது 11,904 யூரோ. பேங்க் லோன், அப்பாவின் பி.எஃப்., அம்மாவின் இரண்டு வளையல் எல்லாம் கரைந்து சேர்ந்த அந்தத் தொகையிலிருந்து மாதம் 992 யூரோ மட்டும் அவிழ்த்து விடுவார்கள். நம்ம பணம்தான். ஆனால் குமாஸ்தா மாதிரி ஒண்ணாம் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். ரூம் வாடகை, இன்ஷூரன்ஸ், அரிசி, பருப்பு எல்லாம் போக நான் மிச்சம் பிடித்தது 240 யூரோ.

ஒரு யூரோ ஏறக்குறைய நூறு ரூபாய். எதைப் பார்த்தாலும் நூறால் பெருக்கிப் பார்க்கிற வியாதி, விமானத்திலிருந்து இறங்கிய அன்றே தொற்றிக்கொள்ளும். காபி முந்நூறு ரூபாய் என்று மனசு கணக்குப் போட்டதும், நாக்கு தானாகவே 'தண்ணீர் போதும்' என்று சொல்லிவிடும்.

2025 ஜூன் 9 முதல் ஒரு வாரம் எங்கள் யுனிவர்சிட்டியில் பெந்தெகொஸ்தே லீவு. கிளம்பினேன். முதுகில் பை. பையில் நாலு சட்டை, ரைஸ் குக்கரில் வடித்து ஆறவைத்த சாதம் இரண்டு டப்பா, அம்மா பார்சலில் அனுப்பிய புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில். நெப்போலியன் இதைவிடக் கம்மியான ஏற்பாட்டோடு ரஷ்யாவுக்குப் போனார் என்று நினைக்கிறேன்.

நான் இருக்கிற ஆகன் நகரம், ஜெர்மனியின் மேற்கு மூலை. ஊருக்கு வெளியே 322 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று. அங்கே ஒரு கல்லைச் சுற்றி நாலு எட்டு வைத்தால் ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றையும் சுற்றி வந்துவிடலாம். ராக்ஃபோர்ட் அடிவாரத்தில் சைக்கிளை நிறுத்துவதற்கே இரண்டு பேரிடம் பர்மிஷன் கேட்டு வளர்ந்த எனக்கு, இது கொஞ்சம் அதிகப்படியான சுதந்திரமாகப் பட்டது.

முதல் ஊர் பிரஸ்ஸல்ஸ். இரண்டு மணி நேர பஸ் பயணம். எல்லை எப்போது வந்தது என்றே தெரியவில்லை. செல்போன் மட்டும் சிணுங்கி, 'பெல்ஜியத்துக்கு நல்வரவு' என்றது.

பிரஸ்ஸல்ஸின் உலகப் புகழ் பெற்ற சின்னம், ஒண்ணுக்குப் போகிற ஒரு பொடியனின் வெண்கலச் சிலை. உயரம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதைச் சுற்றி இருநூறு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பொடியனுக்கு ஆயிரத்துக்கும் மேல் டிரெஸ் இருக்கிறதாம். அதற்கென்று தனி மியூசியமே வைத்திருக்கிறார்கள். என்னிடம் இருந்தது நாலு சட்டை. இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவன் நடுத்தெருவில் இலவசமாகப் போகிறான். அதே காரியத்துக்கு நான் ஸ்டேஷனில் ஒரு யூரோ கொடுத்தேன். நூறு ரூபாய், சார்!

செவ்வாய் ராத்திரி பாரீஸுக்கு பஸ். நைட் பஸ் என்பது என்னைப் போன்றவர்களுக்கு ஓடுகிற லாட்ஜ். போகிற செலவிலேயே படுக்கையும் முடிந்துவிடும். பக்கத்து சீட்காரர் தலையை என் தோளில் வைத்துத் தூங்கினால் அது போனஸ்.

பாரீஸில் எனக்கு ஒரு அதிர்ஷ்டம். ஐரோப்பிய யூனியனில் வசிக்கிற, 26 வயது நிறையாத யாருக்கும் லூவர் மியூசியம் இலவசம். நமக்கு ஜெர்மனியில் மாணவர் பர்மிட், வயது 24. கார்டை நீட்டினேன், உள்ளே விட்டார்கள். அந்த முடக்கிய கணக்கு எனக்குச் செய்த முதல் நல்ல காரியம்.

உள்ளே மோனலிசா. 77 சென்டிமீட்டருக்கு 53 சென்டிமீட்டர். நம் ஆபீஸ்களில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டர் சைஸ்தான். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அம்மணியை விட, அவருக்கு முன்னால் இருந்த தலைகளைத்தான் நான் நன்றாகப் பார்த்தேன். வேடிக்கை என்னவென்றால், அதே ஹாலில் எதிர்ச்சுவரில், கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலத்தில் ஒரு கல்யாண விருந்துப் படம் இருக்கிறது. பந்தி, பாட்டுக் கச்சேரி, நாய் உள்பட சகலமும் அதில் உண்டு. அத்தனை பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு அந்தப் படம்தான் பிடித்தது. மூன்று நாளாகப் புளிசாதம் சாப்பிடுகிறவனுக்குப் பந்தி பிடிக்காமல் என்ன செய்யும்?

அன்று சாயங்காலம் ஈபிள் டவர். லிஃப்டை விடப் படிக்கட்டு டிக்கெட் மலிவு. இரண்டாவது தளம் வரைக்கும் 674 படி. மலைக்கோட்டை ஏறிய கால் என்று வீறாப்பாக ஆரம்பித்தேன். முந்நூறாவது படியில் உச்சிப் பிள்ளையார் கைவிட்டுவிட்டார். எப்படியோ ஏறி, போட்டோ எடுத்து, குடும்ப குரூப்பில் போட்டேன். மூன்று நிமிஷத்தில் பெரியப்பாவிடமிருந்து பதில்: 'இளைச்சுட்டியே!'

சாதம் புதன்கிழமையோடு தீர்ந்தது. வியாழக்கிழமை நாக்கு ஸ்ட்ரைக் பண்ண ஆரம்பித்ததும், 'லாச்சப்பல் போ' என்று நண்பன் சொன்னது ஞாபகம் வந்தது. வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால், லா ஷப்பெல் என்கிற பகுதியை நம் இலங்கைத் தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். திருப்பத்தில் திரும்பியதும் 'ஙே' என்று நின்றுவிட்டேன். போர்டு தமிழில்! புடவைக் கடை, நகைக் கடை, முருங்கைக்காய், கறிவேப்பிலை. பக்கத்தில் மாணிக்க விநாயகர் கோயில் வேறு. வருஷா வருஷம் கோடை முடிகிற சமயத்தில் இந்தத் தெருக்களில் தேர் ஓடுகிறது. பாரீஸ் ரோட்டில் தேங்காய் உடைக்கிறார்கள்.

ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் நுழைந்து கொத்து ரொட்டி சொன்னேன். கல்லாவில் ஒரு பெரியவர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"தம்பி இந்தியாவோ? படிக்க வந்தனீரோ?"

"ஆமாங்க ஐயா. ஜெர்மனியில. லீவுக்குச் சுத்திப் பார்க்க வந்தேன். இன்னிக்கு ராத்திரி ஸ்ட்ராஸ்பூர்க் போறேன்."

ஸ்ட்ராஸ்பூர்க் என்றதும் அவர் கை கல்லாப் பெட்டியிலேயே நின்றது.

"நானும் அந்தப் பாதையாலதான் வந்தனான்" என்றார்.

எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பியவர். கொழும்பு, மாஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின். கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் டிரான்சிட் விசா கொடுத்து, உள்ளூர் ரயிலில் மேற்கு பெர்லினுக்கு அனுப்பிவிடுவார்கள். நடுவில் இருக்கிற கோட்டை நாட்டு எல்லையாக ஒத்துக்கொள்ள மேற்கத்தியர்களுக்கு மனசில்லை. அதனால் அந்தப் பக்கம் பாஸ்போர்ட் செக்கிங் கிடையாது. பனிப்போரில் இருந்த அந்தச் சந்தில் புகுந்து வந்த தமிழர்கள் ஏராளம். 1986-ல் கிழக்கு ஜெர்மனி அந்தச் சந்தை அடைத்தது. இவர் அதற்கு முன்பே வந்துவிட்டார். அண்ணன் இருந்தது பாரீஸில். இடையில் இருந்தது ஒரு ஆறு, ஒரு பாலம்.

"எண்பத்தஞ்சு ஜனவரி. சரியான குளிர். வானுக்குப் பின்னால நாலு பேர். மேல கம்பளி, அதுக்கு மேல உருளைக்கிழங்கு மூட்டை. 'பாலம் வருது, மூச்சுக் காட்டாதேங்கோ' எண்டு சொன்னாங்கள். பாலம் முடியவே இல்லை தம்பி. ஒரு மணித்தியாலம் போன மாதிரிக் கிடந்தது."

நான் முள்கரண்டியை வைத்துவிட்டேன்.

"அந்தப் பாலத்தை நான் கண்ணால கண்டதில்லை. இப்ப பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கிடக்கு. ரயில்ல ரெண்டு மணித்தியாலமும் இல்லை. ஆனால் கடையைப் பூட்டிப்போட்டு எப்பிடிப் போறது? தேர் அண்டைக்கு ஒரு நாள்தான் பூட்டு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நீர் போனால் ஒரு வீடியோ எடுத்து அனுப்புமன்."

சாப்பிட்டதுக்குக் காசை வாங்கிக்கொண்டு மீதியைச் சரியாக எண்ணிக் கொடுத்தார். கிளம்பும்போது மீன் ரோல்ஸ் இரண்டை பேப்பரில் சுற்றிக் கையில் திணித்தார். "பஸ்ஸுக்கு" என்றார்.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் இறங்கியபோது விடியவில்லை. அழகான ஊர். 142 மீட்டர் உயரக் கதீட்ரல். 1874 வரைக்கும் இருநூறு வருஷத்துக்கு மேல் உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். இந்த ஊர்க்காரர்கள் பாவம். 1871-ல் ஜெர்மனி, 1918-ல் பிரான்ஸ், 1940-ல் மறுபடி ஜெர்மனி, 1944-ல் மறுபடி பிரான்ஸ். வீட்டு வாசலை விட்டு நகராமலேயே ஒரு பாட்டி நாலு தடவை நாடு மாறியிருப்பாள். வாசல்படியில் உட்கார்ந்திருந்தவளைத் தாண்டி எல்லைதான் போய்ப் போய் வந்திருக்கிறது.

ஊருக்குக் கிழக்கே ரைன் நதி. அக்கரையில் ஜெர்மனியின் கேல். 2017 முதல் டிராமே பாலம் தாண்டிப் போகிறது. பிரெஞ்சுக்காரர்கள் கூடையோடு ஏறி, அக்கரையில் சிகரெட்டும் ஷாம்பூவும் மலிவாக வாங்கிக்கொண்டு அடுத்த டிராமில் திரும்பிவிடுகிறார்கள். நான் டிராமில் ஏறவில்லை. பெரியவர் வந்தது வண்டிப் பாலத்தில். 1960-ல் திறந்தது, பெயரே 'ஐரோப்பாப் பாலம்'. செல்போனில் வீடியோவை ஆன் செய்து, பிரான்ஸ் பக்கத்திலிருந்து நடக்க ஆரம்பித்தேன்.

பக்கத்தில் லாரிகள். கீழே பச்சையாக ரைன். எதிரில் ஒரு அம்மா தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு தாத்தா சைக்கிளில். அக்கரை வந்ததும் வீடியோவை நிறுத்தினேன். நாலு நிமிஷம். அவ்வளவுதான் பாலம்.

ஜெர்மனி 2024 செப்டம்பர் 16-லிருந்து எல்லாத் தரை எல்லைகளிலும் மறுபடி செக்கிங்கை ஆரம்பித்திருந்தது. கேல் பக்கம் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். எனக்கு முன்னால் போன சைக்கிள் தாத்தாவை நிறுத்தவில்லை. பாஸ்போர்ட், பர்மிட் கார்டு இரண்டையும் கொடுத்தேன். திருப்பிப் பார்த்து, 'நல்ல நாளாக அமையட்டும்' என்று தந்துவிட்டார். முப்பது செகண்டு. அந்த முப்பது செகண்டும் எனக்கு உருளைக்கிழங்கு மூட்டை ஞாபகமாகவே இருந்தது. கையில் இருந்தது என்னவோ இரண்டு அட்டைதான். ஆனால் அதற்குள் அப்பாவின் பி.எஃப்.பும் அம்மாவின் வளையலும் இருந்தன.

வீடியோவை அனுப்பினேன். இரண்டு டிக் விழுந்தது. பதில் இல்லை. வெள்ளிக்கிழமை, கடையில் கூட்டமாக இருக்கும்.

அன்று ராத்திரியே லக்ஸம்பர்க். 2020 மார்ச் முதல் அந்த நாடு முழுக்க பஸ், டிராம், ரயில் எதற்கும் டிக்கெட் கிடையாது. கண்டக்டர் வந்து கேட்பாரோ என்று முதல் இரண்டு பஸ்ஸில் பயந்துகொண்டே நின்றேன். பழக்க தோஷம்.

சனிக்கிழமை ஜூன் 14. ஓசி பஸ்ஸில் ஷெங்கன் போனேன். பேர்தான் பெரிசு. மொசெல் நதிக்கரையில், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு கிராமம். சரியாக நாற்பது வருஷத்துக்கு முன்னால், 1985 ஜூன் 14 அன்று, இந்த ஊர் ஓரமாக நதியில் நின்ற ஒரு கப்பலில் உட்கார்ந்துதான் ஐந்து நாடுகள், எங்களுக்கு நடுவே செக்கிங் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டன. அமலுக்கு வந்தது 1995 மார்ச்சில். அன்று ஊரே விழாக்கோலம்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெரியவர் பாலம் தாண்டியது 1985 ஜனவரி. கையெழுத்து ஜூன். ஐந்து மாசம் முன்னால். இருந்தாலும் என்ன? அந்தக் கையெழுத்து, கையில் அட்டை இருப்பவர்களுக்காகப் போட்டது. மூட்டைக்கு அடியில் படுத்திருப்பவர்களுக்கு எல்லா வருஷமும் ஜனவரிதான்.

ஷெங்கனிலிருந்து ஒரு பாலம் தாண்டினால் ஜெர்மனியின் பெர்ல். அங்கிருந்து என் மாணவர் பாஸில் ஊருக்கு ரயில். பாலத்தில் பாதி தூரம் போயிருப்பேன், போன் அடித்தது. ஜெர்மனிக்கு நல்வரவுதானே என்று எடுத்துப் பார்த்தேன். இல்லை. லாச்சப்பல்.

'இவ்வளவு சின்னப் பாலமோ தம்பி! மனுஷிக்கும் காட்டினன். ரெண்டு தரம் பார்த்தவ. பிள்ளையை வண்டிலில தள்ளிக்கொண்டு வாற அம்மா நல்லாயிருக்கு.'

ஒரு நிமிஷம் கழித்து இன்னொன்று.

'தேருக்கு வாரும். அண்டைக்குக் கடை பூட்டு. வீட்டில சாப்பாடு.'

அங்கேயே நின்று ஆகன்-பாரீஸ் பஸ் டிக்கெட் என்ன விலை என்று பார்த்தேன். 19 யூரோ. நூறால் பெருக்கவில்லை.