பிள்ளை சோம்பேறி இல்லீங்க

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அர்ச்சனை கவுண்டர்ல அடிக்கடி கேக்குற பேச்சு இது. "அண்ணே, நல்லாத்தான் படிச்சிக்கிட்டு இருந்தான். இப்ப எதுவும் மண்டையில ஏறமாட்டேங்குது. பேரு நட்சத்திரம் எழுதிக்குங்க." சிலர் பக்கத்துல வந்து, யாரோ செஞ்சிட்டாங்கன்னு மெதுவா சொல்றாங்க. எஸ்பிஎம் நெருங்க நெருங்க இது கூடும்.

அர்ச்சனை தாராளமா பண்ணுங்க, டிக்கெட் கிழிச்சிக் கொடுக்குறதே நான்தான். ஆனா பிள்ளை ரெண்டு வாரத்துக்கு மேல சரியா தூங்கல, சாப்பாடு இறங்கல, ஆசையா செஞ்ச எதையும் தொடலன்னா, அது மனச்சோர்வா இருக்கலாம். டிப்ரெஷன்னு சொல்றாங்களே, அதுதான். இது மனசோட நிக்கிற நோவு இல்ல, மூளையையே தொடுது.

நம்ம மூளையில, ரெண்டு பக்கமும் காதுக்கு உள்ளார ஹிப்போகேம்பஸ்னு ஒரு பகுதி இருக்கு. கடல்குதிரை மாதிரி இருக்குறதால அந்தப் பேரு. புதுசா படிக்கிறத ஞாபகமா பதிய வைக்கிறது அதோட வேலை. எங்க ஃபேக்டரி பாஷையில சொன்னா அதுதான் ஸ்டோர் கிளார்க். லாரியில சரக்கு வந்து இறங்குது, ஆனா கிளார்க்குக்கு உடம்பு முடியல. சரக்கு வாசல்லயே கிடக்கும், கணக்குல ஏறாது. பிள்ளை மூணு மணி நேரம் புத்தகத்த வச்சிக்கிட்டு உக்காந்தும் ஒண்ணும் நிக்காதது இப்படித்தான்.

மன அழுத்தம் நீடிச்சா கார்ட்டிசோல்ங்கிற ஹார்மோன் உடம்புல அதிகமா ஓடும். அது ரொம்ப நாள் தொடர்ந்தா ஹிப்போகேம்பஸ்ல உள்ள நரம்பு செல்களோட கிளைகள் சுருங்கலாம். திரும்பத் திரும்ப மனச்சோர்வு வந்தவங்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்ததுல, அந்தப் பகுதி சராசரியா கொஞ்சம் சிறுத்து இருக்குறது தெரிஞ்சிருக்கு. நெத்திக்குப் பின்னால கவனத்தப் பிடிச்சி வைக்கிற பகுதியும் மந்தமாகும். படிச்சது நல்லா பதியத் தூக்கமும் வேணும், அந்தத் தூக்கமும் கெட்டுப் போகுது. இதுக்கு மேல "ஹேண்ட்போன நோண்டுற, சோம்பேறி"ன்னு திட்டி என்ன ஆகப் போகுது?

நம்ம தேவார வகுப்புல ஒரு பையன். யாருன்னு கேக்காதீங்க. முழுப் பதிகமும் பார்க்காம பாடுவான். போன வருஷம் ரெண்டாவது வரியிலயே நின்னுட்டான். அவங்கம்மா கயிறும் கட்டினாங்க, அரசாங்க கிளினிக்குக்கும் கூட்டிட்டுப் போனாங்க. அங்க ஒரு தாள் கொடுத்தாங்களாம், 9 கேள்வி. அதுல ஒண்ணு, பேப்பர் படிக்கிறப்போ, டிவி பார்க்கிறப்போ கவனம் நிக்குதான்னு. பையன் அந்த இடத்துல அழுதுட்டானாம். "அம்மா, நான் சொன்னப்ப நீங்க நம்பல"ன்னு சொன்னானாம்.

மருந்து ஆரம்பிச்சி மூணு நாள்ல "ஒண்ணும் கேக்கல"ன்னு அப்பா நிறுத்தப் பார்த்தாரு. இந்த மருந்து வேலை செய்ய சில வாரம் பிடிக்கும், நீங்களா நிறுத்தக் கூடாது. மூளை திரும்ப வளைஞ்சி கொடுக்கும். சிகிச்சை, தூக்கம், தினமும் நடை, எல்லாம் சேர்ந்து உதவும். இப்ப பையன் அன்னதானத்துக்குத் தண்ணி தூக்குறான். பாட்டு பாதிதான் திரும்பியிருக்கு. அப்பாவுக்கு இன்னும் முழு சம்மதம் இல்ல.

கிளினிக்ல 1 வெள்ளிதான். பேசுறதுக்கு சுகாதார அமைச்சோட 15555 இருக்கு. பிள்ளை சாகுறதப் பத்திப் பேசினா, நாள் நட்சத்திரம் பார்க்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க. தனியா போகத் தயக்கமா இருந்தா ஞாயிற்றுக்கிழமை மடப்பள்ளிப் பக்கம் வாங்க, நான் அங்கதான் இருப்பேன். எனக்கு நைட் ஷிப்ட் இல்லாத வாரம் கூடவே வரேன்.