காய்ச்சல் தணிந்த பின்னர்

மருத்துவ பீடத்தில் ஐந்தாண்டுகள் பயின்று, உள்ளகப் பயிற்சிக்காக வைத்தியசாலை விடுதியினுள் அடியெடுத்து வைக்கும் இளம் வைத்தியருக்கு நூலறிவிற் குறைவில்லை. டெங்குக் காய்ச்சலின் படிநிலைகளை அவர் பிழையின்றி ஒப்புவிப்பார். ஆயினும் நான்காம் நாளிரவு காய்ச்சல் தணிந்து, "இப்ப பரவாயில்லை, டொக்டர்" என்று நோயாளி புன்னகைக்கும்போது, நோய் நீங்கிற்று என்றே அவருடைய மனமும் நம்பத் தலைப்படும்.

ஆபத்துத் தொடங்குவது பெரும்பாலும் அவ்வேளையிலேதான். சிலருக்குக் குருதியின் நீர்ப்பகுதி நுண்குழாய்ச் சுவர்களூடாகக் கசியும். இக்கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கலாம். நோயாளி தெளிவாகவே பேசுவார். நாடி சற்று விரையும், கைகால் குளிரும், சிறுநீர் குறையும், மேல், கீழ்க் குருதி அமுக்கங்களுக்கு இடையிலான வேறுபாடு சுருங்கும். தனித்தனியே நோக்கின் இவற்றுள் எதுவும் பெரிதாகத் தோன்றாது. சேர்த்து வாசிக்கத் தெரிந்தவருக்கே பொருள்படும். பதவுரை அறிவதும் பாட்டின் பொருளுணர்வதும் வேறென்பதைத் தமிழ் கற்போர் அறிவர்.

அவ்வாறு முதலில் வாசிப்பவர் வைத்தியராகவே இருக்க வேண்டுமென்பதில்லை. "இந்தப் பிள்ளை பின்னேரத்தில இருந்து சலம் போகேல்லை" என்று நள்ளிரவில் வைத்தியரை எழுப்பும் மூத்த தாதியாகவும் இருக்கலாம். ஏன் ஐயுற்றீர் என வினவினால் அவரால் முழுமையாக விளக்க இயலாது போகலாம். தாதியரிடம் தொழிற்களத்திலேயே விளையும் இத்தகைய அறிவைப் பற்றீசியா பெனர் 1984 இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். நமது விடுதிகளிலோ அவ்வறிவுக்குரிய மதிப்பு இன்னும் கிட்டவில்லை என்றே கூறவேண்டும்.

எனினும் அனுபவம் மட்டுமே அறிவாகிவிடாது. தாம் எண்ணியது சரியா, பிழையா என்ற விடை திரும்பி வராவிடின், ஒரே தவறை இருபதாண்டுகள் செய்தவரும் அனுபவசாலியாகவே மதிக்கப்படுவார். பொஸ்ரன் நகர வைத்தியர் றிச்சர்ட் கபொட் 3,000 பிரேதப் பரிசோதனைகளை நோயாளர் உயிருடனிருந்தபோது கூறப்பட்ட நோய் நிர்ணயங்களுடன் ஒப்புநோக்கி, வைத்தியர்கள் எங்கெங்கே வழுவினர் என்பதை 1912 இல் வெளியிட்டார். இறந்தோரிடமிருந்து பெற்ற விடை அது.

பெரிய வைத்தியசாலைகளில் அவ்விடை மறுநாட் காலையிலேயே கிட்டுகின்றது. நிபுணர் கட்டில்தோறும் நின்று, "ஏன் அப்படி நினைத்தீர்?" என்று வினவுவார், இரவு எடுத்த முடிவின் விளைவும் கண்முன்னே கிடக்கும். 2017 இல் இலங்கையில் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். அவ்வாண்டு விடுதிகளிற் பணியாற்றியோர் அந்நோயைப் பற்றிக் கற்றதை எந்த விரிவுரையும் கற்பித்திராது.

ஆனால் தூரத்துச் சிறிய வைத்தியசாலையிற் கடமையாற்றுபவரின் நிலை என்ன? ஐயம் எழுந்ததும் குறிப்பெழுதி, நோயாளியை அம்புலன்ஸ் வண்டியிலேற்றி அனுப்பிவிடுகின்றார். அனுப்பியது தக்க தருணத்திலா, தாமதித்தா, அநாவசியமாகவா என்பதை அறிவிக்கும் மறுமொழி அவரை வந்தடைவது அரிது. அங்கே யாரேனும் பழைய சகபாடி பணியாற்றினால், தமது கைத்தொலைபேசியில் அவரை அழைத்து, "நேற்று அனுப்பின அந்தப் பிள்ளை எப்படி?" என்று கேட்டறிகின்றார்.