கட்டிவைத்த பெட்டிகள்

மார்செல் பெத்தியோ பாரிஸில் டாக்டர். 1944 மார்ச்சில், லெ சுயர் தெருவில் அவனுடைய 21ஆம் எண் வீட்டிலிருந்து நாற்றமடிக்கும் புகை வந்தபோதுதான் அவனுடைய இன்னொரு முகம் தெரிந்தது. நாஜிகளிடமிருந்து தப்பிக்க நினைத்த யூதர்களிடம், அர்ஜென்டினாவுக்கு அனுப்புகிறேன் என்று பணம் வாங்கினான். ‘தடுப்பூசி போட்டாத்தான் அங்க விடுவாங்க’ என்பானாம். டாக்டர் சொன்னால் நாமும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நீட்டுகிறவர்கள்தானே?

26 கொலைகளுக்காக 1946 மே 25 அன்று கில்லட்டினில் அவன் தலை போனது. அதைப் படித்து எனக்கு ஒரு நிம்மதியும் வரல. நீதிமன்றத்தில் சாட்சியாக அடுக்கி வைத்த பெட்டிகளிலேயே மனசு நின்றுவிட்டது. புது ஊருக்கு எதை எடுத்துப்போவது, எதை விடுவது என்று யாரோ உட்கார்ந்து யோசித்துக் கட்டியவை.